செத்துச் செத்து விளையாட எந்தக் கேம்? மலையகத்து லெப்டொப்புக்கு ஒரு கணக்கு

கஷ்டமான பிளாட்ஃபோர்ம் கேம் ஒன்று வாங்கப் போகிறேன் என்று வருபவர்கள் எல்லோரும் கேட்பது, "எது ஆகக் கஷ்டம்?" என்றுதான். அதைக் கேட்டுப் பிரயோசனமில்லை. குதித்து, தொங்கி, முள்ளில் விழுந்து, திரும்பவும் குதிக்கிற இந்த வகையில் பேர் வாங்கிய கேம் எல்லாமே கஷ்டம்தான். கேட்க வேண்டியது, செத்தால் அந்தக் கேம் நம்மிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்பதை. மூன்று செக்கனா, மூன்று நிமிடமா, ஒரு பின்னேரம் முழுவதுமா?

கொழும்பில் கேமிங் பிசியும் ஃபைபர் லைனும் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மஸ்கெலியாவிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ, வீட்டில் இருக்கிற ஒரே லெப்டொப்பைத் தங்கச்சி வகுப்புக்குக் கேட்பதற்குள் ஒரு மணித்தியாலம் கிடைக்கிறவருக்கு இதுதான் முதல் கேள்வி. மழை இறுகினால் கரண்ட் போகும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் கரண்ட் போகும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள், அம்மாவே வந்து பிளக்கைக் கழற்றிவிடுவார். அதன்பிறகு பழைய பெட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும் என்பது அவரவருக்குத் தெரிந்த கதை.

அப்புறம் காசு. இந்த வகையில் பேர் வாங்கிய செலஸ்ட், கப்ஹெட் என்ற கேம்கள் இரண்டுக்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் அமெரிக்க முழு விலை 20 டொலர். ஹொலோ நைட் என்ற கேம் 15 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 20 டொலர் ஆறாயிரம். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் நாலு நாள் முழுப் பேரும் (முழுநாள் வேலை) ஓர் அரைப் பேரும் (அரைநாள் வேலை) போட்டால்தான் ஒரு கேம் என்றானது. ஆகவே முழு விலைக்கு எதையும் வாங்காதீர்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் ஸ்டீமில் பெரிய சேல் வரும். செலஸ்ட் அப்போது கால்வாசி விலைக்கே கிடைத்திருக்கிறது, ஹொலோ நைட் பாதி விலைக்கு வரும். கப்ஹெட் மட்டும் கொஞ்சம் கஞ்சன், அவ்வளவாக இறங்காது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். செலஸ்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். என் பக்கச்சாய்வு இப்போதே தெரிந்துவிட்டால் நல்லது.

2018 ஜனவரியில் வந்த கேம் அது. மேடி தோர்சன், நோயல் பெரி என்ற இருவர் தொடங்கிய சிறு குழுவின் வேலை. இசை லீனா ரெயின். மெடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை என்பதுபோல ஆரம்பிக்கும். பிறகு அவளுடைய பதற்றமும் தன்மீதே உள்ள வெறுப்பும் அவளைப் போலவே ஓர் உருவமெடுத்து அவளைத் துரத்தத் தொடங்கும். துரத்துவதென்றால் பேச்சுக்கில்லை: நீங்கள் போன வழியிலேயே, நீங்கள் குதித்த அதே குதியைக் குதித்துக்கொண்டு பின்னாலேயே வரும். ஓர் இடத்தில் தயங்கி நின்றால் உங்கள் சொந்தக் காலடியே உங்களைப் பிடித்துவிடும்.

செய்யக்கூடியது மூன்றே காரியம். குதிக்கலாம், சுவரைப் பிடித்து ஏறலாம், காற்றில் எட்டுத் திசைகளில் ஏதாவதொன்றுக்கு ஒருமுறை பாயலாம். பாய்ந்ததும் அவளது சிவப்பு முடி நீலமாகிவிடும். கால் தரையில் பட்டவுடன் திரும்பச் சிவக்கும். இன்னொரு தடவை பாய முடியுமா முடியாதா என்பதைச் சொல்லத் திரையில் வேறு எந்த மீட்டரும் கிடையாது. முதல் நாள் முடியைப் பார்த்துப் பார்த்து விளையாடுவோம். பழகப் பழகப் பார்க்கிறோம் என்பதே மறந்துபோய்விடும்.

ஒவ்வொரு திரையும் ஏறக்குறைய ஓர் அறை. செத்தால் அந்த அறையின் வாசலில் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்ப நிற்பீர்கள். லோடிங் கிடையாது, 'கேம் ஓவர்' கிடையாது, உயிர் எண்ணிக்கை கிடையாது. எத்தனை தடவை செத்தீர்கள் என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும். அதையும் குத்திக்காட்டுவதற்காக வைத்திருக்கவில்லை. முதல் அத்தியாயம் முடிந்ததும் ஒரு போஸ்ட்கார்ட் வந்து, அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்படச் சொல்லும். இப்படி ஒரு அறையில் நாற்பது தடவை செத்தாலும் போவது சில நிமிடங்கள்தான். வெளியே போகும்போது 'சேவ் அன்ட் குவிட்' கொடுத்தால் மறுநாள் அதே அறையில் தொடங்கலாம். பெட்டரி பத்து வீதத்துக்கு இறங்கிவிட்டது என்று லெப்டொப் கத்தும்போது இதன் அருமை தெரியும்.

விளையாடுபவரின் கண்ணுக்குத் தெரியாமல் இந்தக் கேம் செய்கிற உதவிகளும் நிறைய. விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் ஒரு நொடியின் சிறு பங்குக்குக் குதிக்க விடும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே பொத்தானை அழுத்திவிட்டால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு தரை பட்டதும் குதிக்கும். மேலே எழும்பும்போது தலை ஒரு மூலையில் இடித்தால் மெல்ல ஒதுக்கி மேலே அனுப்பிவிடும். "இந்தத் தடவை நான் சரியாகத்தான் அழுத்தினேன்" என்று கொன்ட்ரோலரை எறிகிற கோபம் செலஸ்டில் வராததற்கு இதுதான் காரணம். செத்தால் நம்முடைய பிழை என்றே தோன்றும், அதனால் திரும்ப முயலலாம் என்றும் தோன்றும்.

நாலாம் அத்தியாயத்தில் காற்று வீசத் தொடங்கும். முன்னால் அடித்தால் குதி குறுகும், பின்னால் அடித்தால் தேவைக்கு மேல் கொண்டுபோய் முள்ளில் சேர்க்கும். அம்பேவளையில் ஜூலைக் காற்றில் குடை பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏழாம் அத்தியாயம் மலை உச்சிக்கான ஏற்றம். ஒவ்வொரு 500 மீட்டருக்கும் ஓர் இடைத்தங்கல் (செக்பொயின்ட்). 2,500 என்ற இடத்தைத் தாண்டும்போது நம்முடைய பிதுருதலாகலவின் உயரத்துக்கு வந்துவிட்டோம் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். நம்முடையது 2,524 மீட்டர். அப்புறமும் ஏறச் சொல்லும், 3,000ஐத் தாண்டியும் விடாது.

வழியெல்லாம் 175 ஸ்ட்ரோபெரி இருக்கிறது. நுவரெலியா ஸ்ட்ரோபெரியாவது நல்ல விலைக்குப் போகும். இதை எடுத்தால் கூட்டாளிமாரிடம் காட்டிக்கொள்ளலாம், வேறு பயன் இல்லை என்று கேமே முதலில் சொல்லிவிடுகிறது. கடைசியில் சுடுகிற ஸ்ட்ரோபெரிப் பலகாரத்தின் தரம் மட்டும் கூடும். ஆனாலும் எட்டாத இடத்தில் ஒன்று தொங்கினால் விட்டுவிட்டுப் போக மனம் வராது.

முடியவே இல்லை என்றால் உதவிப் பயன்முறை இருக்கிறது. கேமின் வேகத்தைப் பாதி வரை பத்துப் பத்து வீதமாகக் குறைக்கலாம், கைபிடி தளராமல் வைக்கலாம், சாகாமலே ஏறலாம். இதைப் போடுவது வெட்கம் என்று சில பொடியன்கள் நினைக்கிறார்கள். எண்பது வீதத்தில் ஓர் அறையைப் பழகி, பிறகு நூறுக்குக் கொண்டுவந்து முடிப்பது நல்ல பயிற்சி என்பதுதான் என் எண்ணம். கஷ்டம் போதாது என்பவர்களுக்கு எதிர்ப் பக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பி பக்கம், சி பக்கம் என்று முரட்டுப் பதிப்புகள் உண்டு. 2019 செப்டெம்பரில் இலவசமாகக் கொடுத்த ஃபேர்வெல் என்ற கடைசி அத்தியாயம் கதையை முடித்தவர்களையே அழ வைக்கும். கதை மட்டும் எட்டு, பத்து மணித்தியாலம். மிச்சத்துக்கு அளவில்லை.

டவுன்லோட் 1.2 ஜிபி அளவுதான். தனி கிரஃபிக்ஸ் கார்ட் தேவையில்லை, இன்டெல் எச்டி 4000 உள்ள பழைய லெப்டொப்பிலேயே ஓடும். இதில் எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் தீர்மானத்தில் பாதி இதுதான்.

சரி, ஹொலோ நைட். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செரி என்ற மிகச் சிறிய குழு 2017 பெப்ரவரியில் வெளியிட்டது. அழிந்துபோன பூச்சி இராச்சியம் ஒன்றில் ஆணியைப் போன்ற வாளுடன் சுற்றுகிறோம். அழகு என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் இதற்கு ஈடு இல்லை. கண்ணீர் நகரம் என்று ஓர் இடம் வரும். அங்கே மழை விடுவதே இல்லை. மேலே இருக்கும் ஏரியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். கூரைத் தகரத்தில் உண்மையான மழையும் ஹெட்போனில் அந்த மழையும் சேர்ந்து கேட்கிற இரவுகளுக்கு நம்மூரில் பஞ்சமில்லை.

ஆனால் செத்தால் பிடுங்குவது அதிகம். கையில் இருந்த காசு முழுவதும் செத்த இடத்திலேயே ஒரு நிழலோடு தங்கிவிடும். நீங்கள் கடைசியாக உட்கார்ந்த வாங்கில் எழும்புவீர்கள். அங்கிருந்து நடந்து போய், நிழலை அடித்து, காசை மீட்க வேண்டும். போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் அந்தக் காசு போனதுதான். கேமை விட்டு வெளியே வந்தாலும் மறுநாள் தொடங்குவது அந்த வாங்கில்தான். புதிய பகுதிக்குப் போனால் வரைபடமும் இருக்காது. தரையில் கடதாசித் துண்டுகள் சிதறியிருக்கும், எங்கேயோ ஒருவர் முணுமுணுத்துப் பாடுவது கேட்கும். அதைத் தேடிப் போனால் கொர்னிஃபர் என்ற பூச்சி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பார், அவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அருமையான ஏற்பாடு. ஒரு மணித்தியாலம் மட்டும் கிடைக்கிறவருக்கோ அதில் முக்கால் மணி வழி தேடவே போய்விடும், ஒரு வாங்கைக் கண்டுபிடிப்பதற்குள் தங்கச்சி வந்து நிற்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குதித்துத் தாண்டுகிற கஷ்டத்துக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், ஹொலோ நைட்டில் அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ளை மாளிகை என்ற பகுதியில் சுழலும் ஈர்வாள்களுக்கு நடுவே போகும்போதுதான் உண்மையான பிளாட்ஃபோர்ம் சோதனை. அதுவரை அலைவதும் அடிப்பதும் அதிகம்.

ஏ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிற மருமகன் "மாமா, எது வாங்க?" என்று கேட்டால் தயங்காமல் ஹொலோ நைட் என்பேன். 15 டொலருக்கு நாற்பது மணித்தியாலத்துக்கு மேல் வேறெங்கும் கிடைக்காது. ஒன்பது ஜிபி இடம் கேட்பதுதான் தலைவலி. இரவு நேர டேட்டாவில் போட்டுவிட்டுப் படுக்கலாம், சிக்னல் ஒத்துழைத்தால். கூட்டாளி யாரிடமாவது அந்தக் கேம் இருந்தால் ஸ்டீமின் பெக்கப் வசதியில் பென்டிரைவுக்கு ஏற்றிக் கொண்டுவந்து, உங்கள் கணக்கில் வாங்கியபின் அதிலிருந்தே நிறுவிக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாது.

இதன் அடுத்த பாகமான சில்க்சோங் 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி வந்தது. வந்த அன்று அது விற்கப்பட்ட இணையக் கடைகளே திணறிப்போயின. அதில் தொடங்காதீர்கள். ஒரே அடியில் உயிர் அளவில் இரண்டு புள்ளி பிடுங்குகிற எதிரிகள் நிறைய, சில வாங்குகளில் உட்காரவே காசு கேட்கும். முதல் பாகத்தில் கை பழகாதவருக்கு அது வெறும் தண்டனை.

கப்ஹெட் வேறு ரகம். 1930களின் கார்ட்டூன் பாணியில் ஒவ்வொரு படத்தையும் கையால் வரைந்து 2017 செப்டெம்பரில் வெளியிட்டார்கள். ஓடிச் சுடுகிற சில கட்டங்கள் இருந்தாலும், இது அடிப்படையில் பெரிய எதிரிகளோடு ஒவ்வொன்றாக மோதுகிற கேம். இரண்டு அடி தாங்கலாம், மூன்றாவதில் செத்தோம். ஒரு சண்டை சராசரியாக இரண்டு, மூன்று நிமிடம். இரண்டரை நிமிடத்தில் செத்தால் அந்த இரண்டரை நிமிடமும் போச்சு. செத்ததும் ஒரு கோட்டைக் காட்டும்: எதிரியின் முடிவுக்கு எவ்வளவு தூரம் இருந்தது என்று. கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றிருப்போம். அதைப் பார்த்துவிட்டு லெப்டொப்பை மூடுவதற்கு மனதில் கொஞ்சம் உரம் வேண்டும்.

இலகுப் பயன்முறை ஒன்று உண்டு, ஆனால் அதில் வென்றால் எதிரியிடமிருந்து எடுக்க வேண்டிய ஒப்பந்தப் பத்திரம் கிடைக்காது, அது இல்லாமல் கடைசி எதிரிகளிடம் போக முடியாது. செலஸ்ட் கை கொடுக்கிற இடத்தில் இது கதவைச் சாத்துகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

இருந்தும் கப்ஹெட்டுக்காக வாதாட ஒரு காரணம் இருக்கிறது: இருவர் சேர்ந்து விளையாடலாம். ஒருவர் கீபோர்டில், மற்றவர் கொன்ட்ரோலரில். ஒருவர் செத்தால் அவருடைய ஆவி மெல்ல மேலே மிதக்கும். திரையை விட்டுப் போவதற்குள் மற்றவர் குதித்து அதைத் தட்டினால் உயிர் திரும்பும். "அண்ணே, தட்டு! என்னைத் தட்டு!" என்று தங்கச்சி கத்துவதும், தட்டப் போன அண்ணன் தானும் செத்து விழுவதும் நடக்காத நாள் இல்லை. லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் காலை பெரட்டுக்கு எழும்ப வேண்டியவர்கள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர் மீட் பாய் 2010இல் வந்த பழைய கில்லாடி. செத்ததும் உடனே திரும்ப வருகிற பழக்கம் செலஸ்டுக்கு முன்பே இதில் உண்டு. ஒரு கட்டத்தை முடித்ததும் நீங்கள் முயன்ற அத்தனை தடவைகளையும் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டும்: ஒரு கூட்டமே ஓடி, ஒவ்வொன்றாக ஈர்வாளில் சிதறி, ஒன்று மட்டும் போய்ச் சேரும். சிரிப்பு வரும். ஆனால் வழுக்குகிற ஓட்டம், மன்னிப்பே இல்லாத குதி. செலஸ்டை முடித்தவர்களுக்கு இரண்டாவதாக இது சரி.

லெப்டொப்பே இல்லை, போன் மட்டும்தான் என்றால் தெரிவு சுருங்கும். செலஸ்ட் போனுக்கு வரவில்லை. 2013இல் வந்த ஜியோமெட்ரி டேஷை ஒரு விரலால் விளையாடலாம், லைட் பதிப்பு இலவசம். பாட்டின் தாளத்துக்குத் தட்ட வேண்டும் என்பதால் புளூடூத் ஹெட்போன் போடாதீர்கள். சத்தம் கொஞ்சம் பிந்தி வந்து எல்லாவற்றையும் குழப்பும். வயர் உள்ளது நல்லது. இன்னொன்று கெட்டிங் ஓவர் இட். அண்டாவுக்குள் உட்கார்ந்த ஒருவர் சுத்தியலை ஊன்றி மலை ஏறுகிறார். இடைத்தங்கல் எதுவும் இல்லை. கை தவறினால் அடிவாரம் வரை உருண்டுவிடலாம். முதலில் கேட்ட கேள்விக்கு இதன் பதில்: எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும். அதற்கென்றே செய்த கேம் அது. பரீட்சைக் காலத்தில் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் கீபோர்டைப் பார்க்க வேண்டும். செலஸ்டில் இடது கை இசட், எக்ஸ், சி எழுத்துகளில் இருக்கும், வலது கை அம்புக்குறிகளில். மேலும் இடமுமாகச் சாய்வாகப் பாய, இரண்டு அம்புக்குறியோடு எக்ஸையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். மலிவான லெப்டொப் கீபோர்ட் சிலவற்றில் இப்படி மூன்றை ஒன்றாக அழுத்தினால் ஒன்று பதியாது. நீங்கள் சரியாக அழுத்தியும் மெடலின் நேராகப் போய் முள்ளில் குத்துவாள். பரிசோதிக்கக் காசு தேவையில்லை. செலஸ்டின் மூலமான செலஸ்ட் கிளாசிக் பிரவுசரில் இலவசமாக இருக்கிறது. நூறு நூறு மீட்டராக முப்பது சின்ன அறைகள். அதில் எட்டுத் திசையும் ஒழுங்காகப் பாய்கிறதா என்று பாருங்கள். பாயவில்லை என்றால் பொத்தான்களை வேறு எழுத்துகளுக்கு மாற்றிப் பார்க்கலாம், அதுவும் சரிவராவிட்டால் சாதாரண யூஎஸ்பி கொன்ட்ரோலர் ஒன்று. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நுவரெலியாப் பக்கம் விரல் விறைத்துவிடும். ஒரு கிளாஸ் பிளேன்டீயைக் கையில் வைத்திருந்து சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆக, நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கிறவர், பகிர்ந்து பாவிக்கிற பழைய லெப்டொப், டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிற வீடு என்றால் செலஸ்ட்தான், சேலில். நீண்ட விடுமுறையும் பொறுமையும் இருந்தால் ஹொலோ நைட். வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டே சேர்ந்து விளையாட ஓர் ஆள் இருந்தால் கப்ஹெட்.

வாங்கியபின் மனம் மாறினால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடியது இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். செலஸ்டுக்கும் கப்ஹெட்டுக்கும் அந்த நேரம் தாராளம், பிடிக்குமா பிடிக்காதா என்று அதற்குள் தெரிந்துவிடும். ஹொலோ நைட்டுக்குப் போதாது. முதல் இரண்டு மணித்தியாலமும் பாதி இருட்டில் வழி தேடுவதிலேயே போய்விடும், அந்தக் கேமின் நல்ல பகுதிகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆகவே அதை மட்டும், ஏற்கெனவே வைத்திருக்கிற யாராவது ஒருவரின் பக்கத்தில் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.